அறுபதில் அலறிய லாரி

“இன்னும் மிதிங்க” என்றார் செவ்வந்தி மேடம்.

“வேணாம் மேடம். கத்துது மேடம்.”

“கத்தட்டும். மிதிங்க.”

இருசப்பன் மிதித்தார். பழையசீவரம் தாண்டி செங்கல்பட்டுப் பக்கம் போகிற அகலமான ரோட்டில், காலை வெயிலில், அந்தக் கிழட்டு ஆறு சக்கர லாரி அலற ஆரம்பித்தது. காலுக்குக் கீழே தகரம் அதிர்ந்தது. கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த முருகர் படம் அதிர்ந்தது. கதவோரம் உட்கார்ந்திருந்த நான் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். துப்பறியும் ஆபீசில் வேலை என்றதும் என் மாமியார் ஊரெல்லாம் நான் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் இந்த வேலையில் நான் அதிகமாகப் பிடித்தது இப்படிப்பட்ட கைப்பிடிகளைத்தான்.

என் பெயர் ஐசக். செவ்வந்தி மேடம் பல வருடம் இன்சூரன்சுக்காக விபத்து வண்டிகளைப் பரிசோதித்து, அலுத்துப்போய், காஞ்சிபுரத்தில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். நான் அவருக்கு உதவியாளர், பைக் டிரைவர், டீ வாங்குகிறவர். அன்று காலை ஆபீசைத் திறக்கும்போதே வாசலில் மங்கம்மா நின்றிருந்தார், முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு. முடிச்சை அவிழ்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் துணி. அதன் ஓரம் காய்ந்து கறுத்திருந்தது.

அந்தப் பச்சை யாருடையது என்று சாலவாக்கம் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏரி மண்ணைத் திருடிக்கொண்டு போகும் வண்டிகளுக்குக் குறுக்கே, தோளில் பச்சைத் துண்டோடு போய் நிற்பவர் சடையப்பன். போன வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் ஏரிக்கரை ரோட்டில் ஏதோ ஒரு வண்டி அவர் மேல் ஏறிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மண்ணில் பதிந்த டயர் தடத்தைப் போலீஸ் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு லாரியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

மங்கம்மாவின் கணவர்தான் இருசப்பன். ரைஸ் மில்லில் உமி ஏற்றுகிற சொந்த லாரி. அந்த வெள்ளிக்கிழமை அதே ஏரிக்கரை ரோட்டில், அதே இருட்டும் நேரத்தில் அவரும் வந்திருக்கிறார். வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. பள்ளம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நேற்று பின்னால் ஜோடி டயர்களுக்கு நடுவே சிக்கியிருந்த ஒரு கல்லை நெம்பி எடுத்தபோது, கல்லோடு இந்தத் துணியும் வந்தது. முதலில் வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று மேடம் இருசப்பனை லாரியோடு வரச் சொல்லிவிட்டார்.

“ஜெயிலுக்குப் போறதுகூட அப்புறம் மேடம்” என்றார் இருசப்பன் இப்போது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் அந்த மனுசன கொன்னேனா, இல்லியா? அது எனக்கே தெரியல. சோறு எறங்கல. கண்ண மூடுனா அந்தத் தூக்கு தூக்குனது மட்டும் வருது.”

பின்சீட்டில் மங்கம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டார்.

“வண்டி எப்போலேர்ந்து கத்துது?”

“வண்டி ஓட லாயக்குன்னு வாங்குற எஃப்.சி. முடிச்சி ஷெட்டுலேர்ந்து வந்தப்புறம் மேடம். சனிக்கிழமை காலைல விட்டேன். ரெண்டு நாள் ஷெட்ல நின்னுச்சி. அதுக்கு முன்ன இதே ரோட்ல அறுபதுல போனா எனக்குத் தூக்கம் வரும், அவ்ளோ சாதுவா போவும். இப்ப இப்பிடி. ஷெட்டுக்காரன கேட்டா, டீசல் பம்பு செட் பண்ணோம், அதான் சத்தம்ங்கிறான்.” அவர் குரல் இறங்கியது. “அது பம்பு இல்ல மேடம். செத்தவன் உள்ள உக்காந்துகினு கத்துறான்.”

பேய், பிசாசை நான் நம்புவதில்லை. அதனால் அவற்றின் மீது எனக்குப் பயம் இல்லாமல் போய்விடுவதில்லை.

மங்கம்மாவின் போன் அடித்தது. நாங்கள் கிளம்பியதிலிருந்து எத்தனையோ தடவை அடித்துவிட்டது. அவருடைய அண்ணன் வேதகிரி. அவரும் டிரைவர்தான். துணி கிடைத்த விஷயத்தை நேற்றே தங்கை அவரிடம் சொல்லி அழுதிருக்கிறார். மங்கம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“மாப்ள, எங்க கீற? உங்க தெருவுக்கு மத்தியானம் போலீஸ் வருதாம். சொன்னா கேளு. வண்டிய எங்கனா விட்டுட்டு ஆந்திரா பக்கம் பூடு. மங்காவ நான் பாத்துக்கிறேன்.”

“சரி மச்சான்” என்றார் இருசப்பன். அவர் உண்மையிலேயே போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது.

“ஐசக்கு” என்றார் மேடம், போன் பேச்சே காதில் விழாதவர் மாதிரி. “முள்ளு எதுல நிக்குது?”

“அறுபதுல மேடம்.”

“அப்ப அது இன்னா?”

எங்கள் வலப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. உள்ளே பூக்கூடைகளும் ஆட்களும் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். அது எங்களைச் சாவகாசமாக முந்தியது. கடைசி சீட்டில் இருந்த ஒரு அம்மா எங்கள் லாரியைப் பார்த்து ஐயோ பாவம் என்று உதட்டைப் பிதுக்கினார்.

“பறக்குது மேடம்” என்றேன். “கொலைய அப்புறம் பாக்கலாம். அந்த ஆட்டோவுல இன்னா இன்ஜின்னு முதல்ல துப்பறியலாம்.”

“உன் போன்ல வேகம் பாரு.”

மேப்பைத் திறந்து பார்த்தேன். அது நாற்பதைத் தாண்டவே யோசித்துக்கொண்டிருந்தது.

“ஓரங்கட்டுங்க” என்றார் மேடம். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாக உயிர் வந்தது.

ஒரு புளியமரத்தடியில் நின்றோம். மேடம் ரோட்டோரம் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் நீளமாக ஒரு கோடு போட்டார்.

“இந்தப் பக்கம் இன்ஜின். அப்புறம் கிளட்ச். அப்புறம் கியர் பாக்ஸ். வேகம் காட்டுற முள்ளுக்குக் கேபிள் எங்கேர்ந்து வருது இருசப்பன்?”

“கியர் பாக்ஸ் பின்னாலேர்ந்து மேடம்.”

“கிளட்ச் வழுக்கினா இன்ஜின் கத்தும், ஆனா முள்ளு நெஜ வேகத்தைத்தான் காட்டும். டாப் கியர் விழலன்னாலும் அப்படித்தான். இங்க முள்ளும் சேர்ந்து பொய் சொல்லுது. அப்படின்னா கோளாறு கேபிளுக்கு இன்ஜின் பக்கம் இல்ல. சக்கரத்துப் பக்கம்.” குச்சி கோட்டின் கடைசிக்குப் போனது. “அங்க இருக்கிறது ரெண்டே சாமான். ஐசக்கு, பின் டயர்ல என்ன சைஸ் போட்டிருக்கு, முன் டயர்ல என்ன சைஸ்?”

போய்க் குனிந்து படித்தேன். எஃப்.சி.க்காக டயருக்கெல்லாம் கறுப்புப் பாலீஷ் போட்டுப் புதுமாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். “ஒரே சைஸ் மேடம்.”

“அப்ப டயரும் இல்ல. மிச்சம் பின் சக்கரங்களைத் தாங்குற ஆக்சில். உள்ள இருக்கிற பல்சக்கரம். இருசப்பன், சைக்கிள்ல பின்னாடி பெரிய பல்சக்கரம் மாட்டினா இன்னா ஆவும்?”

“மேடு நல்லா ஏறும். சமதரையில மிதிச்சி மிதிச்சி காலு பூடும்.” சொன்னவர் நிறுத்தினார். “மேடம்… இப்ப உமி ஏத்திகினு பாலம் ஏறுறப்ப முன்ன மாதிரி தெணறவே இல்ல. சும்மா இழுக்குது. இன்னாடா அதிசயம்னு பாத்தேன்.”

“அதிசயம் இல்ல. இது மலைமேடு ஏறப் பொறந்த ஆக்சில். கல்லு கொட்டுற டிப்பருக்குப் போடுறது. அந்தக் கல்லை வெச்சிருக்கீங்களா?”

டேஷ்போர்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். நீலம் பாய்ந்த கருங்கல் ஜல்லி. ஒரு பக்கம் கத்தி மாதிரி கூர்.

“உமி ஏத்துற வண்டி குவாரிக்குள்ள போச்சா?”

“என் ஆயுசுல போனதில்ல மேடம்.”

“இது உங்க ஆக்சில் இல்ல. இந்தச் சக்கரமும் உங்களது இல்ல. வெள்ளிக்கிழமை நடந்த சாவுக்கு அப்புறம், சனி ஞாயித்துல, ஷெட்ல வெச்சு யாரோ மாத்தியிருக்காங்க. கல்லும் துணியும் அதோடயே வந்தது.”

இருசப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். “அப்ப நான் இல்லியா?” என்று கேட்டார். பிறகு அதையே மறுபடியும் கேட்டார். எனக்குக் கண் கலங்கியது. கலங்கினால் சம்பளம் பிடிப்பார்களோ என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அம்மன் போச்சே, அப்பவே எனக்கு மனசு கேக்கல” என்றார் மங்கம்மா திடீரென்று.

“எந்த அம்மன்?”

“வண்டிக்குப் பின்னாடி கீய, ஆக்சிலு நடுவுல பானையாட்டம் உருண்டுகினு கீதில்ல, அதுல ஆயுத பூசைக்கு ஆயுத பூசை நான் என் கையால அம்மன் முகம் எழுதுவேங்கா. மஞ்சள் பெயின்ட்ல முகம், செவப்புப் பொட்டு, பெரிய கண்ணு. எஃப்.சி. முடிஞ்சி வந்து பாத்தா எல்லாத்துக்கும் கறுப்பு அடிச்சிட்டானுங்க. அம்மனுக்கு மேலயே பிரஷ் ஓட்டிட்டானுங்களேன்னு திட்டிகினு வந்தேன்.”

மேடம் லாரிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். கறுப்புச் சாயத்தை ஊக்கால் சுரண்டினார். கீழே வெறும் துரு. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை.

“நல்லாக் கேட்டுக்க ஐசக்கு. ஆக்சிலைப் போட்டவன் ஒண்ணைக் கழட்டிக்கினும் போயிருக்கான். இந்த வண்டி சமதரையில கத்துதுன்னா, அந்த வண்டி மேட்டுல அழும். நாம அழுவுற வண்டியைத் தேடணும்.”

சாலவாக்கத்தைத் தாண்டிக் குவாரிக்குப் போகும் பாதையில் புழுதி முழங்கால் உயரம் பறந்தது. லாரியைக் கருவேலங்காட்டு மறைவில் நிறுத்திவிட்டு நடந்தோம். மண் திருடுகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் ஒரே முதலாளியின் ஆட்கள் என்று ஊரில் பேச்சு. கேள்வி கேட்ட ஒரு மனிதருக்கு என்ன ஆனது என்பதற்குச் சாட்சியாக அந்தப் பச்சைத் துணி மேடத்தின் கைப்பையில் இருந்தது.

குவாரி மேட்டுக்கு அடியில் பாஞ்சாலி அக்காவின் டீக்கடை. கல் ஏற்றிய டிப்பர்கள் பள்ளத்திலிருந்து முக்கிக்கொண்டு ஏறி வருவதை அங்கிருந்தே பார்க்கலாம்.

“அக்கா, நல்ல டிப்பரா ஒண்ணு விலைக்குப் பாக்கிறோம்” என்று நான் ஆரம்பித்தேன். பொய் சொல்வதுதான் எனக்குப் பயமில்லாமல் வரும் ஒரே காரியம். “மேடு ஏறாத வண்டிய தலையில கட்டிடப் போறாங்கன்னு பயமா கீது. எது ஓட்ட வண்டின்னு நீங்க சொல்லுங்க.”

பாஞ்சாலி அக்கா சிரித்தார். “அதா, ஓரமா நிக்குது பாரு. அது வேணாம். போன வாரம் வரிக்கும் நல்லாத்தான் ஏறிகினு இருந்துச்சி. இந்த வாரம் பாதி மேட்டுலயே நின்னுடுது, ஜேசிபி வந்து தள்ளணும். ஆனா ரோட்ல இன்னா போக்கு போவுதுன்ற! வேதகிரின்னு ஒருத்தன் ஓட்டுறான். கேலி பண்றானுங்க அவன, ரேஸ் வண்டி, ரேஸ் வண்டின்னு.”

மங்கம்மா கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து கொட்டியது. அவர் கவனிக்கவே இல்லை.

“அந்த ஷெட்ட எனக்குச் சொன்னதே மச்சான்தான்” என்றார் இருசப்பன் மெதுவாக.

“சத்தத்தை வெச்சு ஒருத்தனைப் பிடிக்கச் சொன்னா இன்ஸ்பெக்டர் என்னைப் பாத்துச் சிரிப்பார்” என்றார் மேடம். “கண்ணால பாத்த ஒண்ணு வேணும். ஐசக்கு, டிரைவர் சீட் காலியா கீது. கீழ பூந்து பாத்துட்டு வா.”

“மேடம், நான் வேணா மேல ஏறிப் பாக்கட்டுமா? மேலேர்ந்து காத்து வரும்.”

“ஐசக்கு.”

போனேன். நிறைய கல் ஏற்றி நின்றிருந்த வண்டி. அதன் அடியில் மல்லாந்து தவழ்ந்தேன். என் மூக்குக்கு மேலே, ஒரு சாண் இடைவெளியில், இத்தனை டன் கருங்கல். கிரீஸ் நாற்றம். இதயம் அடிக்கிற சத்தத்தில் யாராவது வந்து எட்டிப்பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். வீட்டில் போனவாரம் பெண்டாட்டியோடு போட்ட சண்டைக்கு மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பின் ஆக்சிலுக்கு வந்துவிட்டேன். நடுவில் பானை மாதிரி உருண்டை. அதன் மேல் சேறு அப்பியிருந்தது. ஓட்டத்தில் தெறித்த சேறு இல்லை. கையால் பூசியது, விரல் தடம் அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டினேன். மஞ்சள். இன்னும் சுரண்டினேன். ஒரு பெரிய கண் என்னைப் பார்த்தது. பக்கத்தில் இன்னொரு கண். நடுவில் சிவப்புப் பொட்டு.

அப்போது மேலே கதவு அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி இன்ஜின் கிளம்பியது.

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. உருண்டால் சக்கரம். கிடந்தால் என்ன ஆகுமோ தெரியாது. கியர் விழுந்தது. வண்டி ஒரு அடி முன்னே நகர்ந்தது, ஜோடி டயர் என் சட்டைக்கையை மண்ணோடு சேர்த்துக் கவ்வியது. கிறிஸ்துமசுக்கு மட்டும் சர்ச்சுக்குப் போகிற நான் வாய்விட்டுக் கத்தியது இதுதான்: “மேடம்! அம்மன் கீது மேடம்! கண்ணு கீது! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!”

வண்டி குலுங்கி நின்றது. என் கத்தலுக்காக இல்லை. முன் சக்கரங்களுக்கு நடுவே எனக்கு இரண்டு கால்கள் தெரிந்தன. செருப்பில்லாத கால்கள், விரலில் மெட்டி. மங்கம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

இன்ஜின் அணைந்தது. ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள் இறங்கி வந்தன.

“மங்கா! இன்னா நீ? ஏத்தியிருப்பேனே!”

“உன் வண்டிக்கு அடியில என் அம்மன் இன்னாண்ணா பண்ணுது?”

இன்னும் இரண்டு ஜோடிக் கால்கள் வந்து சேர்ந்தன. மேடத்தின் ஷூ. இருசப்பனின் வெடித்த குதிகால்.

“மச்சான்” என்றார் இருசப்பன். கோபமே இல்லை அந்தக் குரலில், கெஞ்சல்தான் இருந்தது. “நீயே சொல்லு மச்சான். உன் வாயால சொல்லு. நான் இல்லியே? நான் அந்த ஆள் மேல ஏத்தலியே?”

வேதகிரியின் குரல் வந்தது. “நீ இல்ல மாப்ள.”

இருசப்பன் அழ ஆரம்பித்தார். அந்த அழுகையைக் கேட்டுத்தானோ என்னவோ, வேதகிரி தானாகவே பேசினான்.

“நவுருவான்னு நெனச்சேன் மங்கா. தெனமும் குறுக்க நிப்பான், கிட்ட போனா நவுந்துடுவான். அன்னிக்கு நவுரல. ஓனரு, டயர மட்டும் மாத்துடா போதும்ன்னாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. உயிர் குடிச்ச ஆக்சிலு சும்மா இருக்காது. இன்னொண்ணு கேக்கும். டிரைவருங்க எல்லாருக்கும் தெரியும் அது. அதும்மேல உக்காந்துகினு நான் எப்பிடி ஓட்டுவேன்? கழட்டுனாத்தான் ஓட்டுவேன்னுட்டேன். ஷெட்ல நாலஞ்சு வண்டி நின்னுச்சி. உன் வண்டியிலதான் அம்மன் இருந்துச்சி. நீ எழுதுனது. அது என்னக் காப்பாத்தும்னு…”

“அதனாலதான் அதுக்குக் கறுப்பு அடிக்கக் கை வரல” என்றார் மேடம்.

“அம்மன் கண்ணுல எப்பிடிம்மா கறுப்பு அடிக்கிறது?”

“டயரை மட்டும் மாத்தியிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன் வேதகிரி. உன்னை யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது.” மேடம் போனில் இன்ஸ்பெக்டரை அழைக்கிற சத்தம் கேட்டது.

வேதகிரி ஓடவில்லை. முன் சக்கரத்துப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். இப்போது அவன் முகம் எனக்குத் தெரிந்தது. நேற்றிரவெல்லாம் தங்கைக்குத் தைரியம் சொன்ன முகம். அதில் இருந்தது வெறும் பயம்தான்.

மெட்டி போட்ட கால்கள் மெதுவாக அவனிடம் வந்து நின்றன.

“இன்னொண்ணு கேக்கும்னு உனக்குத் தெரியும்” என்றார் மங்கம்மா.

அவன் ரப்பர் செருப்பின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

“தெரிஞ்சிதான் எங்க வூட்டுக்காரர் வண்டியில மாட்டுனியாண்ணா?”

நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். சட்டைக்கை இன்னும் டயருக்குக் கீழேதான் இருந்தது. தலைக்கு மேலே அம்மனின் இரண்டு கண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.